‘எல்லோருக்கும்’ என்றால் உண்மையிலேயே எல்லோருக்குமா?

கேள்வி: வைகறை

எல்லா மக்களுக்கும் இப்போதிருப்பதைவிட நல்ல உலகம் கைகூடும் என்று சென்ற வாரம் வீட்டில் சொன்னேன். ‘எல்லா மக்களுக்கும்’ என்பதை எடுத்துவிட்டால் ஒப்புக்கொள்வதாக என் தம்பி சொன்னான். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1990இல் ஆண்டுக்கு 1.2 கோடிக்கு மேல் இருந்து 2022இல் ஏறத்தாழ 49 இலட்சமாகக் குறைந்ததை எடுத்துக்காட்டினேன். “அந்த 49 இலட்சம் தாய்மாரிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்” என்றான். பதில் பேச முடியவில்லை. ஆகவே கேள்வியைக் குறுக்கிக் கேட்கிறேன்: ஒருவர்கூட விடுபடாமல் உலகத்திலுள்ள அத்தனை பேருக்கும் கிடைத்த நன்மை என்று ஒன்றையாவது காட்ட முடியுமா? நம்பிக்கையூட்டும் வாசகங்கள் வேண்டாம். அவை எங்கள் வீட்டில் செல்லுபடியாகவில்லை.

மறுமொழி: பழைய குறிப்பேடு

உங்கள் தம்பியின் நிபந்தனை கடுமையாகத் தெரியலாம். சுகாதார ஆய்வாளராக இருந்த எனக்கு அது பழகிய கணக்குதான். நோயைக் கட்டுப்படுத்துவது வேறு, ஒழிப்பது வேறு. கட்டுப்படுத்தப் பெரும்பாலோரை எட்டினால் போதும். ஒழிப்பதென்றால் நோய் கண்டவர் ஒருவர்கூட மிஞ்சக் கூடாது.

பெரியம்மை 1974இல் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 1,88,000 பேருக்குக் கண்டது. 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் கண்டதே இந்நாட்டின் கடைசிப் பெரியம்மை. ஊர் முழுவதற்கும் அம்மை குத்துவதை மட்டும் நம்பியிராமல், அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையுடன் வீடுவீடாகச் சென்று, ‘இப்படி யாருக்காவது கண்டிருக்கிறதா’ என்று விசாரித்து, கண்ட வீட்டைச் சுற்றியிருந்தவர்களுக்கு உடனே குத்தியதால்தான் அது முடிந்தது. தகவல் சொன்னவருக்குப் பரிசுப் பணமும் உண்டு.

நான் பணியில் சேர்ந்தபோது அந்த வேலை முடிந்திருந்தது. முகம் நிறைய அம்மைத் தழும்புள்ள மூத்த ஊழியர் ஒருவர், தாம் அம்மை குத்தப் போன நாட்களைப் பற்றிச் சொல்லுவார். அவர் தெருவுக்குள் நுழைவது தெரிந்தால், ஆத்தா வந்திருக்கும் பிள்ளைமேல் ஊசி படக்கூடாதென்று நெற்குதிருக்குள் இறக்கிவிடுவார்களாம். இவரும் திட்டாமல், அதட்டாமல், மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு, குதிருக்குள்ளிருந்து இருமலோ அழுகையோ கேட்கும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாராம்.

இயற்கையாகப் பரவிய பெரியம்மை கடைசியாக 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா நகரில் அலி மாவ் மாலின் என்பவருக்குக் கண்டது. அவர் மருத்துவமனைச் சமையற்காரர். அங்கேயே வேலை பார்த்தும் அம்மை குத்திக்கொள்ளாமல் நழுவியவர். நோய் ஒழிந்துவிட்டதாக 1980 மே 8 அன்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் பிறந்த எந்தப் பிள்ளைக்கும், அரண்மனையில் பிறந்தாலும் அகதி முகாமில் பிறந்தாலும், பெரியம்மை கண்டதில்லை.

மறுமொழி: எதிர்வழக்கு

ஐயா குறிப்பிட்ட அதே அலி மாவ் மாலின், பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியில் ஈடுபட்டிருந்தபோது, 2013இல் மலேரியாக் காய்ச்சலால் இறந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் மறுப்பு வேறு. பனிப்போரில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் பெரியம்மை விஷயத்தில் மட்டும் ஒன்றாக வேலை செய்தது ஏன்? எங்கோ ஓர் ஊரில் நோய் மிஞ்சியிருந்தாலும் அது மாஸ்கோவுக்கும் நியூயார்க்குக்கும் வந்து சேரும் என்பதால்தான். பசி தொற்றுவதில்லை. 2023இல் உலகில் ஏறத்தாழ 73 கோடிப் பேர் பட்டினியில் வாடியதாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன, உணவு விளையாமல் போனதல்ல காரணம். பக்கத்து வீட்டுக்காரரின் பட்டினியால் எனக்கு வயிறு வலிப்பதில்லை, ஆகையால் அது நீடிக்கிறது. விடுபட்டவரால் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டென்றால் மட்டுமே ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்கு உயிர் வருகிறது என்பது என் கட்சி.

மறுமொழி: குளிர்ப்பெட்டி

நான் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். எதிர்வழக்கு சொல்வதற்கு என் தொழிலிலேயே சாட்சி உண்டு, ஆனால் அது முழுக்க அவர் பக்கமும் பேசாது.

நான் தொழில் பழகியபோது எல்லாப் பெட்டியிலும் குளிரூட்டுவது ஆர்-12 என்ற கேஸ்தான். கம்ப்ரஸரைக் கழற்றுவதற்கு முன் குழாயை வெட்டி மிச்சக் கேஸைக் காற்றில் விடுவோம். உஸ்ஸென்ற சத்தம் அடங்கியதும் வேலையைத் தொடங்குவோம். அது வானத்தில் ஓசோனைத் தின்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 1987இல் மாண்ட்ரியலில் இத்தகைய கேஸ்களைக் கைவிடுவதற்கான உடன்படிக்கை உருவானபோது இந்தியா உடனே சேரவில்லை. வளர்ந்த நாடுகள் ஆண்டாண்டாய் விட்ட கேஸுக்கு நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஏழை நாடுகளுக்கு வேறு கேஸுக்கு மாறும் செலவைத் தரும் பொது நிதி 1990இல் முடிவானது. இந்தியா 1992இல் சேர்ந்தது. எங்கள் பட்டறைக்கும் ஓசோனைத் தின்னாத ஆர்-134ஏ கேஸ் வந்தது. அதற்குப் பழைய எண்ணெய் ஒத்துக்கொள்ளாது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் கெடுத்த கம்ப்ரஸர்களின் எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை. இன்று உலக நாடுகள் அனைத்தும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன, அண்டார்க்டிகா மேலுள்ள ஓசோன் ஓட்டையும் மெல்ல மூடிவருகிறது. எல்லோருக்கும் பயம் இருந்தது உண்மை. ஆனால் பயம் மட்டும் போதவில்லை. யார் பணம் தருவது என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே எல்லோரும் வந்தார்கள்.

மறுமொழி: பழைய குறிப்பேடு

எதிர்வழக்கின் கட்சிக்கு அடங்காத ஒன்று எனக்குத் தெரியும்: நரம்புச்சிலந்தி என்ற புழுநோய். குளத்திலோ படிக்கிணற்றிலோ அள்ளிய நீரைக் குடிக்கும்போது, அதிலுள்ள கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சி வழியாகப் புழு உடலுக்குள் போகும். ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் போட்டு ஒரு மீட்டர் நீளத்துக்கு வெளியே வரும். இழுத்தால் அறுந்து சீழ்ப்பிடிக்கும் என்பதால், குச்சியில் சுற்றி நாளைக்குச் சிறிதளவாக வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் அதே நீரில் காலை நனைத்தால் குஞ்சுகள் மறுபடியும் நீரில் கலந்துவிடும்.

இது பணக்கார நாட்டுக்குப் போய்ப் பரவாது. குழாய்த் தண்ணீர் குடிப்பவரைத் தொடாது. தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை. துணியில் வடிகட்டிய நீர், படியிறங்க முடியாதபடி கட்டப்பட்ட கிணறு, கைபம்பு இவைதான் முக்கிய ஆயுதம். இந்தியாவில் 1996இல் இராஜஸ்தானத்தில் கடைசியாகக் கண்டு, 2000இல் ஒழிந்ததாகச் சான்றளிக்கப்பட்டது. சூடானில் இதற்காகவே 1995இல் உள்நாட்டுப் போரைச் சில மாதங்கள் நிறுத்தினார்கள். 1986இல் உலகில் 35 இலட்சம் பேரை வருத்தியதாக மதிப்பிடப்பட்ட நோய், 2023இல் 14 பேருக்குத்தான் கண்டது. தங்களுக்குத் தொற்றிவிடும் என்ற பயம் பணக்கார நாடுகளுக்கு இல்லாமலே இத்தனை வேலை நடந்திருக்கிறது.

மறுமொழி: வைகறை

மிக்க நன்றி, ஐயா. தம்பியிடம் காட்டினேன். “பதினான்கு என்பது பூச்சியம் ஆகாதே” என்கிறான். ஏன் இன்னும் முடியவில்லை?

மறுமொழி: பழைய குறிப்பேடு

அவன் கேட்பது சரிதான். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் அந்தப் புழு நாய்களுக்குள் குடியேறிவிட்டது. நாய்கள் தின்னாதபடி ஆற்றோரத்தில் மீன் குடலைப் புதைக்கச் சொல்கிறார்கள். புழு வெளிவரும் நாயை நீரில் இறங்காதபடி கட்டிப்போட்டுக் காப்பவருக்குப் பணம் கொடுக்கிறார்கள். கட்டிய நாய் எத்தனை நாள் கட்டிலேயே இருக்கும் என்பது நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும்.