பாட்டி வீட்டு மண் அடுப்பு மாதிரி கட்டினால் விரிசல் விடுகிறது, ஏன்?

தாழ்வாரம்:
பாட்டி வீட்டில் பார்த்த ஒற்றை மண் அடுப்பு மாதிரியே கொல்லைப்புறத்தில் ஒன்று கட்டியாச்சு. வெறும் களிமண்ணும் தண்ணீரும்தான். இரண்டு நாள் நல்ல வெயிலில் காய்ந்தது. தீ மூட்டியதும் வாய்ப் பக்கம் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. சிமெண்ட் வைத்து அடைக்கலாமா? புகையும் தாங்க முடியவில்லை. பாத்திரம் விளிம்போடு ஒட்டி உட்காருகிறது.

கரிக்கட்டை:
சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சூட்டில் அது ஒரு மாதிரி விரியும், மண் வேறு மாதிரி விரியும். கொஞ்ச நாளில் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்துவிடும்.

வெறும் களிமண்தான் கோளாறே. காயும்போது அது சுருங்கும். சுருக்கத்தைக் குறைக்க மணல், இழுத்துப் பிடிக்க வைக்கோல் சேர்க்க வேண்டும். முதலில் மண்ணைச் சோதியுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி மறுநாள்தான். மொத்தத்தில் களி கால் பங்கு இருந்தால் போதும். அதிகம் என்றால் மணலைக் கூட்டுங்கள். பழைய செங்கல்லைப் பொடித்துச் சலித்தும் சேர்க்கலாம், அது மறுபடி சுருங்காது.

பத்துச் சட்டி மண்ணுக்கு, 2–3 செ.மீ. நீளத்தில் நறுக்கிய வைக்கோல் இரண்டு சட்டி. காலால் நன்றாக மிதித்து, ஈரச் சாக்கால் மூடி இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு ஓர் உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் மணலோ வறட்சியோ அதிகம். சப்பென்று பரவினால் தண்ணீர் அதிகம்.

தணல்:
புகைக்குக் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். விளிம்பில் மூன்று குமிழ் வைக்கவில்லை! பாத்திரம் மூடிபோல் அடைத்துக்கொண்டால் புகை வாய் வழியாகத்தான் திரும்பும். குமிழ் 1.5 முதல் 2 செ.மீ. உயரம் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் சூடெல்லாம் பக்கவாட்டில் ஓடிவிடும். தரைக்கும் பாத்திரத்தின் அடிக்கும் 15–18 செ.மீ., சுவர்க் கனம் 7–8 செ.மீ. சரியாக வரும். சாம்பலைத் தினமும் வாருங்கள், விறகுக்கு அடியில் காற்று போக வேண்டும். ஈர விறகு போட்டால் எந்த அடுப்பும் புகையும்.

கூழாங்கல்:
வெயிலில் காய வைத்ததும் தப்பு. வெளித்தோல் முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், இழுபறியில் பிளக்கும். நிழலில் ஒரு வாரமாவது ஆறட்டும். முதல் தீ வெறும் சுள்ளிதான், கால் மணி நேரம். ஆற்றங்கரைக் கல்லை உள்ளே பதிக்காதீர்கள். அதற்குள் ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

தாழ்வாரம்:
அப்போ கட்டினதை இடிக்கணுமா?

கரிக்கட்டை:
விரல் நுழைகிற பிளவு என்றால் இடித்துவிடுங்கள். மண் வீணாகாது, தட்டி உடைத்து ஒரு ராத்திரி ஊறப்போட்டால் திரும்பக் குழையும். தீயில் சிவந்து சுட்ட கட்டி மட்டும் குழையாது, அதைப் பொடித்துச் செங்கல் பொடிக்குப் பதிலாகச் சேருங்கள். மயிரிழை விரிசலுக்கு இடிக்கத் தேவையில்லை. அந்த இடத்தை நனைத்து, அதே மண்ணைக் கூழாகக் கரைத்துத் தேய்த்தால் போதும்.