இருட்டு ஹால், கொதிக்கும் பெட்ரூம்: எதற்கு என்ன கலர்?

நங்கநல்லூர்_வாசி:
எல்லோருக்கும் வணக்கம். நங்கநல்லூரில் இரண்டாவது மாடியில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கியிருக்கிறோம், இரண்டு பெட்ரூம். பெயிண்டர் வருகிற திங்கட்கிழமை ஆள் கூட்டிக்கொண்டு வருவேன், அதற்குள் கலர் சொல்லிவிடுங்கள் என்கிறார். ஷேட் கார்டைப் புரட்டிப் புரட்டி எனக்குக் கண்ணே பூத்துவிட்டது.

ஹாலுக்கு ஒரே ஜன்னல், கிழக்குப் பார்த்தது, ஆனால் பக்கத்து அபார்ட்மென்ட் சுவர் ஐந்தடியில் நிற்கிறது. காலை 11 மணிக்கே டியூப்லைட் போட வேண்டியிருக்கிறது. சுவர் ஒரு மங்கிய ரோஸ், போன ஓனர் ரசனை அப்படி. பெட்ரூம் மேற்கு, 3 மணிக்கு மேல் உள்ளே கால் வைக்க முடியாது. அங்கே கிளிப்பச்சை அடித்து வைத்திருக்கிறார்கள். ஹாலில் பளிச் வெள்ளை அடித்தால் வெளிச்சமாகிவிடுமா? பெட்ரூமில் வெளிர் நீலம் அடித்தால் கொஞ்சம் குளுமையாக இருக்குமா? வீட்டுக்காரர் எங்கேயோ படத்தில் பார்த்துவிட்டு அடர் கிரே வேண்டும் என்கிறார், அத்தை மஞ்சள்தான் லட்சணம் என்கிறார், நான் நடுவில்.

மூன்று_வீடு_மாறியவன்:
நான் இந்தத் தொழிலில் இருப்பவன் இல்லைங்க, மூன்று வீடு மாறி மூன்றிலும் தப்பாக அடித்துக் காசை விட்டவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

வெள்ளைச் சுவர் தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும், புதிதாக ஒன்றையும் உண்டாக்காது. வெளிச்சமே வராத ஹாலில் பளிச் வெள்ளை அடித்தால் மூலைகளெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். என் முதல் வீட்டில் அப்படித்தான் ஆனது, புதுப் பெயிண்ட் என்று சொன்னால் வந்தவர்கள் நம்பவில்லை. லேசாக மஞ்சள் சாய்ந்த ஒரு ஆஃப் ஒயிட் சுவருக்கு, சுத்த வெள்ளை சீலிங்குக்கு மட்டும். சில கம்பெனிகள் ஷேட் பக்கத்தில் எல்ஆர்வி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அந்தக் கலர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்ற கணக்கு, 0 என்றால் கன்னங்கரேல், 100 என்றால் முழு வெள்ளை. உங்கள் ஹாலுக்கு 70க்குக் கீழே போகாதீர்கள். டியூப்லைட்டையும் பாருங்கள். 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெளிச்சம், அதன் கீழே எந்த க்ரீமும் செத்துவிடும். 4000 வாங்கிப் போடுங்கள்.

பெட்ரூம் விஷயத்தில் ஏமாறாதீர்கள். உள்ளே என்ன கலர் அடித்தாலும் அறைச் சூடு குறையாது, சூடு வருவது வெளிச்சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும். வெளிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் பலன் உண்டு, ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டியோ நிழலோ இருந்தால் இன்னும் உண்டு. ஆனால் சாயங்கால வெயில் ஆரஞ்சாகச் சாய்கிறபோது பீச், க்ரீம் எல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆகும், சாம்பல் கலந்த நீலப் பச்சை அதைக் கொஞ்சம் அடக்கும். குளிராது, கண் உறுத்தாது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு கேள்வி. எதிர்ச் சுவர் என்ன கலர்? உங்கள் ஹாலுக்கு வருகிற வெளிச்சம் அதில் பட்டுத்தான் வருகிறது.

முந்தானை:
நான் தி.நகரில் பட்டுப்புடவைக் கடையில் நிறைய வருடம் இருந்தேன். புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்க்காமல் வாங்குகிற அம்மாக்கள் குறைவு, ஆனால் அதே ஆட்கள் சுவருக்குக் கலர் எடுக்கும்போது மட்டும் கடை டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு தபால்தலை அளவு சதுரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டுகிறார்கள். எம்.எஸ். புளூவை அரக்கு பார்டர் பக்கத்தில் வைத்தால் ஒரு நீலம், மஞ்சள் பார்டர் பக்கத்தில் வைத்தால் வேறு நீலம். பிரான்ஸில் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பொறுப்பில் இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் சரியில்லை, வெளிறுகிறது என்று புகார் வந்ததாம். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் ஓடுகிற நிறங்கள்தான் கறுப்பைக் கெடுக்கின்றன என்று அவர் கண்டுபிடித்து 1839இல் எழுதிவைத்தார்.

அதனால் அந்தக் கிளிப்பச்சைச் சுவர் மேலேயே சாம்பிள் அடித்துப் பார்க்காதீர்கள், எது அடித்தாலும் சிவப்பு சாய்ந்து தெரியும். 200 மில்லி டப்பா வாங்கி வெள்ளை சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, சுவரில் ஒட்டுங்கள். காலை 7, மாலை 4, ராத்திரி லைட் போட்ட பிறகு, மூன்று வேளையும் பாருங்கள். பீரோவும் தரையும் பக்கத்தில் இருக்கட்டும், வீடு காலியாக இருக்கும்போது எடுத்த முடிவு நிற்காது.

வேளச்சேரிக்காரன்:
கலர் அப்புறம். சுவரில் ஓதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஜன்னலுக்குக் கீழே தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தால் பெயிண்டுக்கு அடியில் இருக்கிற பட்டிப் பூச்சைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். அக்டோபரில் மழை ஆரம்பித்தால் உப்பு பூத்து எந்தக் கலரும் உரியும். பட்ட அனுபவம்.

மனசு_லேசு:
நீலம் அமைதி, சிவப்பு பசி, மஞ்சள் படிப்பு என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பட்டுமா?

மூன்று_வீடு_மாறியவன்:
வேண்டாம் சார். 1979இல் அமெரிக்காவில் சியாட்டில் கடற்படைச் சிறையில் ஒரு அறைக்கு ரோஸ் அடித்தார்கள், கைதிகள் சாந்தமாகிவிட்டார்கள் என்று பெரிய பேச்சு, அந்த ஷேடுக்கு அங்கிருந்த இரண்டு அதிகாரிகள் பெயரைச் சேர்த்து பேக்கர் மில்லர் பிங்க் என்றே பெயர். பிற்பாடு கவனமாகச் சோதித்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஒரு கலரைப் பார்த்ததும் சமையலறை ஞாபகம் வருவதா ஆஸ்பத்திரி ஞாபகம் வருவதா என்பது அவரவர் வளர்ந்த வீட்டைப் பொறுத்தது. அத்தைக்கு மஞ்சள் பிடிப்பதும் அப்படித்தான் இருக்கும், பூஜை அறையை அவருக்கே விட்டுவிடுங்கள்.

நங்கநல்லூர்_வாசி:
எல்லோருக்கும் நன்றி. எதிர்ச் சுவரைப் போய்ப் பார்த்தேன், செங்கல் கலர்! சந்தேகம் வந்து ஒரு வெள்ளைத் தாளை ஹால் சுவரில் ஒட்டினேன். தாளும் ரோஸ். போன ஓனர் அடித்திருப்பது அழுக்கேறிய வெள்ளைதான், ஆறு வாரமாக அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்று_வீடு_மாறியவன்:
அப்படியென்றால் நான் சொன்ன மஞ்சள் சாய்வை மறந்துவிடுங்கள், செங்கல் வெளிச்சத்தில் அது காவியாகிவிடும். பச்சை மிகமிக லேசாகக் கலந்த ஆஃப் ஒயிட்டில் இரண்டு மூன்று சாம்பிள் பாருங்கள். கிரேவை ஜன்னல் இருக்கிற சுவருக்கு அடிக்காதீர்கள், வெளிச்சத்துக்கும் சுவருக்கும் பேதம் அதிகமாகிக் கண் கூசும். பெட்ரூமில் கட்டில் தலைமாட்டுச் சுவரை வீட்டுக்காரரின் கிரேவுக்கு விட்டுவிடுங்கள்.

நங்கநல்லூர்_வாசி:
தலைமாட்டுச் சுவர் என்றதும் ஒப்புக்கொண்டுவிட்டார். பெயிண்டரிடம் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லியாச்சு. ஜன்னலுக்குக் கீழே தட்டிப் பார்த்தேன், பொத்தென்றுதான் கேட்கிறது.

வேளச்சேரிக்காரன்:
சுரண்டச் சொல்லுங்கள்.