மறுமொழி: லாக்கிங் வீல் நட் – தமிழில் என்ன எழுதுவது?

ஈரோட்டிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஐடிஐ மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்காகச் சக்கரம் கழற்றி மாட்டும் பாடத்தைத் தமிழில் எழுதி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டது, லாக்கிங் வீல் நட்டில் வந்து நிற்கிறேன். அலாய் வீல் திருடு போகாமலிருக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டுக்கு மட்டும் வழக்கமான அறுகோணத் தலை இருக்காது, வளைந்து நெளிந்த பள்ளம் இருக்கும், அதற்கென்றே கொடுத்த சின்ன சாக்கெட்டைப் பொருத்தினால்தான் கழலும். "பூட்டு மரை" என்று எழுதியிருந்தேன். லாக் நட்டுக்கும் முந்தின பாடத்தில் அதே பெயர்தானே போட்டிருக்கிறது என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் கேட்டார், கேட்டது நியாயம். லாக் நட் என்பது அதிர்வில் தளராமலிருக்க நட்டின் மேல் இறுக்கும் இன்னொரு நட், பட்டறையில் செக் நட் என்பார்கள். இது களவைத் தடுக்க வந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பையன்கள் குழம்புவார்கள். இது சிக்கிக்கொண்டால், உடைந்தால் எப்படிக் கழற்றுவது என்று இரண்டு பக்கம் எழுதவேண்டும், சொல் வரிக்கு வரி வரும், அதனால் நீளமாக இருக்கக்கூடாது.

கும்பகோணத்திலிருந்து:

தம்பி, முதலில் மரையைத் தீர்த்துக்கொள்வோம். சங்கப் பாட்டில் மரை ஒரு விலங்கு. "மரையா மரல் கவர" என்று பாலைக்கலியில் வருவது அதுதான். இலக்கண நூல்களில் "மரையிதழ் புரையும்" என்று, சொல்லின் முதலெழுத்து குறைந்து வரும் முதற்குறைக்கு எடுத்துக்காட்டுவார்கள், அங்கே அது தாமரை. பட்டறையிலோ நட்டுக்கும் அதுதான், உள்ளே திருகலாக ஓடும் புரிக்கும் (த்ரெட்) அதுதான், "மரை போயிடுச்சு" என்றால் புரி தேய்ந்துவிட்டது என்றுதான் பொருள். பள்ளி இயற்பியலில் திருகு அளவிக்குப் புரிக்கோல், புரியிடைத் தூரம் என்று அழகாக வைத்திருக்கிறார்கள், அதை எடுத்துக்கொண்டால் மரை நட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடலாம். அடுத்தது பூட்டு. பூட்டுதல் என்பது அடிப்படையில் சேர்த்தல், இணைத்தல். ஏர் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். பாட்டின் கடைசிச் சொல்லைக் கொண்டுவந்து முதற்சொல்லோடு சேர்த்துப் பொருள் கொள்வது பூட்டுவிற் பொருள்கோள். ஆகவே ஒன்றோடொன்று இறுகி நிற்கும் செக் நட்டுக்கே பூட்டு மரை பொருந்தும், அதை மாற்றவேண்டாம். களவைத் தடுப்பதற்கு, வள்ளுவர் "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்" என்றாரே, அந்தத் தாழ் இருக்கிறது. "தாழ்மரை" என்று வையுங்கள், இரண்டே அசை, நாவில் நிற்கும்.

சென்னையிலிருந்து:

ஐயா, தாழ்குழல் போலத் தாழ்மரையை வினைத்தொகையாக விரித்தால் தாழ்ந்த மரை, தாழ்கின்ற மரை, தாழும் மரை என்றுதான் வரும். வகுப்பில் வேகமாக வாசிக்கிறவன் காதில் தாமரை என்றே விழும். மொழிபெயர்ப்பாளராக இன்னொன்றும் கவலையாக இருக்கிறது. ஃபோக்ஸ்வேகன், பிஎம்டபிள்யூ போன்ற ஐரோப்பியக் கார்களில், சக்கரம் மாட்டும் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டும் அதில் ஏறும் நட்டும் பெரும்பாலும் கிடையாது, போல்ட்டே நேராக ஹப்புக்குள் இறங்கும். பூட்டுகிற பொருளும் அந்தப் போல்ட்தான். மரையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லைக் கட்டினால் அந்த வண்டிகளுக்கு இன்னொரு சொல் தேடவேண்டி வரும். முன்னொட்டு இரண்டுக்கும் பொருந்துவதாக இருக்கட்டும்.

லண்டனிலிருந்து:

நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எங்கள் தொழினுட்பப் பாடநூல்களில் நட்டுக்குச் சுரை, போல்ட்டுக்குச் சுரையாணி. மரை விலங்கா பூவா என்று உங்களுக்கு வந்த சிக்கல் எங்களுக்கு வரவே இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் "உளிவாய்ச் சுரை" என்று வருகிறதே, கோலின் நுனியில் செருகிய, உள்ளே குடைவான இரும்பு. குடைந்த இரும்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதற்கு ஈராயிரம் ஆண்டாக ஒரு சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் தேடவேண்டும்? சுரைக்காய், சுரங்கம், சுரத்தல் எல்லாமே உட்குடைவை ஒட்டியவைதான் என்பது என் எண்ணம், இதை விரிவாக இன்னொரு மடலில் எழுதுகிறேன். சில்லு என்று நாங்கள் சொல்லும் சக்கரத்தின் களவைத் தடுப்பது என்பதால் "காப்புச்சுரை" என்று முன்மொழிகிறேன், போல்ட்டுக்குக் "காப்புச் சுரையாணி". அதைக் கழற்றுவதற்குத் "திறப்பு", சாவிக்கு எங்கள் சொல். இங்கே இந்தத் திறப்பைத் தொலைத்துவிட்டு ரயர் கடையில் முழிக்கிறவர்கள் கொஞ்சப் பேரல்ல, அதனால் எங்களுக்கும் இந்தப் பாடம் வேண்டும்.

கோவையிலிருந்து:

பெயரை அப்புறம் பார்ப்போம். அந்த இரண்டு பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று முதலில் பாருங்கள், சொல் தானாக வரும். அந்தச் சின்ன சாக்கெட், அதாவது சாவி, தொலைந்ததா, உடைந்ததா, நட்டின் பள்ளம் மழுங்கியதா, மூன்றுக்கும் வழி வேறு. தொலைந்திருந்தால் டேஷ்போர்டு, டிக்கியில் ஜாக்கி வைக்கிற இடம், ஸ்டெப்னிக்கு நடுவில் இருக்கும் குழி எல்லாம் தேடச் சொல்லுங்கள். சாவியோடு வந்த அட்டையில் எண் இருந்தால் அதைக் கொடுத்துப் புதுசு வரவழைக்கலாம், டீலரிடம் பல வடிவமும் சேர்ந்த செட் இருக்கும், அதில் பொருந்துவதை வைத்துக் கழற்றலாம். இதெல்லாம் பலிக்காதபோதுதான் சுத்தியலை எடுக்கவேண்டும். வண்டி தரையில் நிற்கும்போதே, ஜாக்கி போடுவதற்கு முன்னாலேயே ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நட்டின் வெளிவட்டத்தைவிட ஒரு நூல் சிறிய சாக்கெட்டை நேராக அடித்து இறக்கவேண்டும், சாய்த்து அடித்தால் பிடிக்காது. அப்புறம் நீளக் கம்பி போட்டு ஒரே அழுத்தாக, வெடுக்கென்று இழுக்காமல் திருப்பவேண்டும். உள்ளே இடப்புரி வெட்டிய சாக்கெட் இதற்கென்றே வருகிறது, கழற்றத் திருப்பும்போது நட்டைக் கடித்துக்கொண்டு இறுகும். சில நட்டில் வெளியே ஒரு வளையம் சும்மா சுற்றும், எதைப் போட்டுப் பிடித்தாலும் வளையம் மட்டுமே சுழலும், நட் அசையாது, அந்த வளையத்தை உடைத்தெடுத்த பிறகுதான் மற்ற வேலை. துளை போடுவதைக் கடைசிக்கு வையுங்கள், கடினப்படுத்திய எஃகு, சாதாரண பிட் வழுக்கி அலாய் வீலைக் கீறிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரும் அடிக்கக்கூடாது, சில்லு தெறிக்கும், இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள் சார். நாங்கள் சில்லு என்பது தெறிக்கிற துண்டைத்தான், லண்டன் நண்பர் தவறாக எடுக்கவேண்டாம். இத்தனை தொல்லையும் பெரும்பாலும் காற்றழுத்தத்தில் திருகும் ஏர் கன்னால் வருவது. அதில் சாவியை மாட்டி அடித்தால் சாவியின் பல் முறிந்து நட்டுக்குள்ளேயே நின்றுவிடும். கையால் ஏற்றி, இறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரிஞ்சில் முடிக்கவேண்டும், நிறைய கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர், சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

இத்தனை எழுதியதில் எங்கே பார்த்தாலும் சாவி வருகிறது இல்லையா? "சாவி நட்" என்று போடுங்கள். என் பட்டறைப் பையன் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்வான். காப்பு, தாழ் எல்லாம் நல்ல சொற்கள்தான், ஆனால் அவனிடம் போய்ச் சேராது.

கும்பகோணத்திலிருந்து:

நட் வேண்டாம் என்றுதானே பேசவே ஆரம்பித்தோம்! சாவியும் போர்த்துகீசியர் விட்டுப்போனது. திறவுகோல் இருக்கிறது. புரியாது புரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எந்தத் தமிழ்ச் சொல்லும் யாருக்கும் புரியாமலே போய்விடும். பாடநூலில் வந்தால்தானே பையன் வாயில் வரும்?

சென்னையிலிருந்து:

மேசை, அலமாரி, ஜன்னல் எல்லாம் அதே வழியில் வந்தவைதான் ஐயா. ஊர் முழுக்கப் புழங்குகிற சாவியை வெளியே தள்ளினால் மாணவனையும் சேர்த்துத் தள்ளுகிறோம். நட்டை வேண்டுமானால் விட்டுவிடலாம். "சாவி மரை", போல்ட்டுக்குச் "சாவியாணி". சாவியால் திறக்கும் மரை என்று உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரிகிறது, இலக்கணத்துக்கும் குறைவில்லை.

ஈரோட்டிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. "சாவி மரை"க்கே ஆதரவு அதிகமாக இருப்பதால் அதையே போடுகிறேன். செக் நட்டுக்குப் பூட்டு மரை அப்படியே இருக்கும், உள்ளே வெட்டியிருப்பதற்குப் புரி. கழற்றும் கருவியை "சாவி மரைச் சாவி" என்று எழுதிப் பார்த்தேன், வாசிக்க முடியவில்லை. அதற்கு மட்டும் "திறவி" என்று வைக்கிறேன். கோவை நண்பரின் வரிசையை அப்படியே பாடத்தில் எடுத்துக்கொள்ளலாமா?

கோவையிலிருந்து:

தாராளமாக. நான் நட் என்றுதான் சொல்வேன்.

லண்டனிலிருந்து:

சாவி மரையை நான் ஏற்கவில்லை, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இலங்கையில் படிக்கும் பிள்ளை உங்கள் பாடத்தை எடுத்து வாசித்தால் மரையும் தெரியாது, சாவியைவிடத் திறப்புதான் வாயில் வரும். சொல்லடைவில் "சுரை – காண்க: மரை" என்று ஒரு வரி சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறதா?

கும்பகோணத்திலிருந்து:

சேர்க்கச் சொல்லுங்கள் தம்பி. ஆனால் திறவி என்றால் திறப்பவள் என்றும் ஆகுமே, திறவுகோலில் என்ன குறை கண்டீர்கள்?