பூங்காவில் ஒருநாள் கலைவிழா: 9 குழு, ஒரே மேடை, சரிப்படுமா?

ஏரிக்கரை கேட்டது:

வணக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில், பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் திறந்தவெளிக் கலைவிழா நடத்த ஊர் இளைஞர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். சென்னை சங்கமம் போல, ஆனால் சின்ன அளவில். பேசி வைத்திருப்பவை: பறை, தெருக்கூத்து, தோல்பாவைக்கூத்து, நையாண்டி மேளத்தோடு கரகம், பொய்க்கால் குதிரை, ஒயிலாட்டம், சிலம்பம், மல்லர் கம்பம், பள்ளிப் பிள்ளைகளின் கும்மி. தோல்பாவையும் பொய்க்கால் குதிரையும் மட்டும் தெற்கிலிருந்து வருகின்றன, மற்றவர்கள் எல்லாம் சுற்றுவட்டாரம். ஓவியம், சுடுமண் பொம்மைக்கு 12 கடைகள்.

இடம் சுமார் 60 மீட்டருக்கு 40 மீட்டர். பாதி புல், பாதி மண். மூன்று பக்கம் வீடுகள், மேற்கே ஏரிக்கரை. 24க்கு 16 அடியில், 4 அடி உயரத்தில் ஒரு மேடை, எதிரே 500 நாற்காலி, ஒரு குழுவுக்கு 30 நிமிடம், மாலை 4 முதல் இரவு 10 வரை. இதுதான் திட்டம். பந்தல்காரர் 25 கேவிஏ ஜெனரேட்டரும் 8 பெரிய ஸ்பீக்கர் பாக்ஸும் வேண்டும் என்கிறார். கையில் மூன்றரை லட்சம் தேறும். எங்கெங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்.

சலங்கைக்கட்டு பதில்:

முதலில் இடிப்பது மேடைதான். உங்கள் பட்டியலில் உள்ள ஒன்பதில் மேடைக்கென்று பிறந்தது ஒன்றுகூட இல்லை. 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023-இல் கலை பண்பாட்டுத் துறை 'நம்ம ஊரு திருவிழா' என்று மறுபடி எடுத்த சென்னை சங்கமத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, பூங்கா பூங்காவாகப் பிரித்துப் போட்ட அந்த யோசனையை. உங்கள் பூங்காவுக்குள்ளேயே அதைச் செய்யலாம்: மூன்று களம், ஒரு சிறு மேடை.

பொய்க்கால் குதிரைக்கு மரக்கால் கட்டி ஆடுகிறார்கள். பிளைவுட் மேல் கம்பளம் விரித்த மேடையில் மரக்கால் வழுக்கும், பலகைச் சந்தில் மாட்டும். புல்தரையும் ஆகாது, ஈரம் இருந்தால் கால் புதையும். இறுகிய மண்தரைதான் வேண்டும். பூங்காவில் தண்ணீர் பாய்ச்சுவதை இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். தானியங்கித் தெளிப்பான் இருந்தால் அதன் டைமரையும் அணைக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது அது தானாகத் திறந்துகொண்டால் மைக்செட்டோடு எல்லாம் போச்சு.

கரகத்துக்குத் தலைக்கு மேல் இடம் தேவை. குடம், பூ அலங்காரம், உச்சியில் கிளி என்று ஆளோடு சேர்த்து எட்டடி தாண்டும். பந்தல்காரர்கள் சீரியல் செட்டையும் தோரணத்தையும் ஏழு, எட்டடியில் இழுத்துக் கட்டிவிடுவார்கள். கரகம் ஆடும் களத்தில் 12 அடிக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மல்லர் கம்பத்துக்குக் குழி 3 அடிக்குக் குறையாமல் வேண்டும். முந்தின நாளே நட்டு, மண்ணைக் கிட்டித்து, தண்ணீர் விட்டு இறுக்குங்கள். அன்று காலையில் நட்டால் ஆட்டத்தின் நடுவில் கம்பம் அசையும். குழி தோண்ட பேரூராட்சி ஒப்புக்கொள்ளாவிட்டால் இரும்பு அடித்தளக் கம்பம் உண்டா என்று குழுவிடம் கேளுங்கள். கம்பத்தில் விளக்கெண்ணெய் பூசுவார்கள், அது சிந்திய இடத்தில் அடுத்த குழுவை இறக்காதீர்கள்.

தோல்பாவைக்கு இருட்டு வேண்டும். திரை சின்னது. நூறு பேருக்கு மேல் உட்கார்ந்தால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே பூங்காவின் மூலையில் தனிக்களம், பாயில் உட்காரவைத்து 35 நிமிடக் காட்சி இரண்டு. திரைக்குப் பின்னால் எல்இடி பேனல் வைக்க விடாதீர்கள். அதில் பல ஒளிப்புள்ளிகள் இருப்பதால் நிழல் இரண்டு மூன்றாகப் பிரிந்து விளிம்பு மங்கும். பழைய குண்டு பல்பு 100 வாட் ஒன்று போதும். ஏரிக்காற்றில் திரை படபடக்கும், கீழ் விளிம்பைக் கம்பில் சுற்றி இரண்டு முனையிலும் மணல்மூட்டை கட்டுங்கள்.

கூத்துக்கு 30 நிமிடம் என்பது அவமரியாதைக்குச் சமம். கட்டியங்காரன் (கூத்தை நடத்திச் செல்லும் கோமாளி) வந்து, திரை பிடித்து, வேஷம் தன்னை அறிமுகம் செய்வதற்குள் மணி அடித்துவிடுவீர்கள். விடிய விடிய நடப்பதைச் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் 100 நிமிடமாவது கொடுங்கள், எந்தக் கட்டம் என்பதை கூத்து வாத்தியாரே முடிவு செய்யட்டும். தரையிலேயே 20க்கு 20 அடிக் களம், மூன்று பக்கமும் ஜனம், பின்பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. மேடையில் மிச்சமாகும் பணத்தை இதற்குத் திருப்புங்கள். கும்மிப் பிள்ளைகளுக்கும் அறிவிப்புக்கும் ஒன்றரை அடித் திண்ணை போல ஒரு மேடை போதும், பின்னால் நிற்கும் பெற்றோருக்குப் பிள்ளை முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி நடுவில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வெளிச்சம் தேவைப்படுவதை முன்னால் போடுங்கள்: 4:00 பறை முழங்கி ஊரைக் கூட்டட்டும், 4:30 மல்லர் கம்பம், சிலம்பம், 5:15 கும்மி, 5:35 ஒயில், 6:10 பொய்க்கால் குதிரை, 6:45 கரகம். தோல்பாவை 6:30க்கும் 7:15க்கும் மூலையில். கூத்து 7:50க்குத் தொடங்கி 9:30க்கு மங்களம்.

மிக்சர்பெட்டி பதில்:

8 பெரிய பாக்ஸ் உங்களுக்கு வம்பைத்தான் வாங்கித் தரும். சுற்றிலும் வீடு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியின் பகல் அளவு 55 டெசிபல். இடத்தின் எல்லையில் அதைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75, இதில் எது குறைவோ அதுதான் வரம்பு. உங்களுக்கு 65. ஸ்பீக்கர் முன்னால் 1 மீட்டரில் 95 டெசிபல் என்று வையுங்கள். தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் இறங்கும், 32 மீட்டரில் 65 வரும். அதற்கு மேல் ஏற்றினால் கணக்கு உதைக்கும்.

அதனால் ஒரே இடத்தில் அடுக்காமல் சிறு டாப் ஸ்பீக்கர் நான்கு: களத்தருகே இரண்டு, 25 மீட்டர் தள்ளி இரண்டு. எல்லாம் 8 அடி ஸ்டாண்டில், தலையைச் சற்றே கீழே சாய்த்து, ஏரிப்பக்கம் பார்த்து. பின்ஜோடிக்கு டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்து விடுவது) கட்டாயம், மீட்டருக்கு 2.9 மில்லிசெகண்டு, 25 மீட்டருக்கு 72 அல்லது 73. போடாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும், கூத்துப் பாட்டு ஒரு வரி புரியாது.

மைக் விஷயம். பறைக்கு மைக் வேண்டாம். தவிலுக்கும் வேண்டாம். தவிலுக்கு மைக் வைத்தால் நாயனம் அதில் அமுங்கிவிடும், அதைத் தூக்க நாயனத்தையும் ஏற்றுவார்கள், கடைசியில் இரண்டும் அலறும். நாயனத்தின் விரிந்த முனையான அணசுக்கு நேராக இல்லாமல் சற்று விலகி, ஒரு மீட்டரில் ஒரே மைக். கூத்துக்கு காலர் மைக் கொடுக்கவே கூடாது, மார்பதக்கமும் புஜக்கட்டையும் உரசி கரகரக்கும், கிறிக்கி அடித்துச் சுழலும்போது ஒயர் பிய்ந்துவிடும். குறுக்கே கயிறு கட்டி, களத்துக்கு மேல் 9 அடியில் மூன்று மைக் தொங்கவிடுங்கள். கூத்துக்காரர்களுக்குப் பழகிய முறை, பாட வேண்டிய இடத்துக்கு அவர்களே வந்து நிற்பார்கள். ஸ்பீக்கர் அந்த மைக்குகளுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் போனால் ஊளையிடும்.

மின்சாரம்: ஒலிக்கு 2.5 கிலோவாட், எல்இடி பார் விளக்கு 12க்கு 2.2, கடைகளுக்கு 1.5, டீக்கடைக் கெட்டில் 2. மொத்தம் 8 சொச்சம். 15 கேவிஏ ஜெனரேட்டர் என்றால், கிலோவாட்டாக்க 0.8-ஆல் பெருக்கி 12 கிலோவாட், போதும். 25 எடுத்தால் வாடகையும் டீசலும் தண்டம். மின்வாரியத் தற்காலிக இணைப்பு கிடைத்தால் அதை முதன்மையாக வைத்து ஜெனரேட்டரை மாற்றாக வைக்கலாம், இரண்டுக்கும் நடுவே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இணைப்பது) இல்லாமல் கூடாது.

ஒலி ஒரு ஃபேஸ், விளக்கு வேறு ஃபேஸ், கெட்டில் மூன்றாவது. டீக்கடைக்காரர் ஒலி லைனில் குத்துவதுதான் பாதி விழாக்களில் நடுவில் மைக் செத்துப்போகக் காரணம். ஜெனரேட்டரை 60 மீட்டர் தள்ளி வைத்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் இழுத்தால், 20 ஆம்பியரில் 18 வோல்ட் வழியிலேயே கரையும். 4 சதுர மில்லிமீட்டர் என்றால் 11 வோல்ட். புல்லில் ஓடும் கேபிளில் ஜாயிண்ட் இருக்கக் கூடாது. ஒவ்வொரு லைனிலும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே டிரிப் ஆகும் சுவிட்ச்) வேண்டும். பந்தல்காரர் 'டிரிப் ஆகிக்கிட்டே இருக்கு' என்று அதைத் தாண்டி ஒயர் போட வருவார். டிரிப் ஆகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள், அதைத் தேடச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை பதில்:

இருவருக்கும் நன்றி. மேடையைக் கைவிட்டாயிற்று. பறைக் குழு தோலைக் காய்ச்சத் தீ மூட்ட இடம் கேட்கிறார்கள், பேரூராட்சி புல் கருகும் என்கிறது. ஃபைபர் பறை கொண்டுவரச் சொல்லலாமா?

சலங்கைக்கட்டு பதில்:

தோல் பறை பேசிவிட்டு ஃபைபர் கேட்காதீர்கள், நாதமே வேறு. நாலு மணி வெயிலில் பெரிதாகச் சூடு தேவைப்படாது. ஆனால் கூத்துக்கு முன் மறுபடி முழங்க வேண்டுமென்றால், ஏழு மணிக்கு மேல் தைப் பனியில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து சத்தம் 'தொப்'பென்று விழும். மண்தரையில் இரும்புப் பாண்டு ஒன்றில் வைக்கோலோ காய்ந்த ஓலையோ எரியட்டும், பந்தல் துணியிலிருந்தும் டீசலிலிருந்தும் 10 மீட்டர் தள்ளி, பக்கத்தில் இரண்டு வாளி மணல். காய்ச்சுவது அடிப்பவர் வேலை, வேறு யாரும் தொடக் கூடாது. கொஞ்சம் கூடினாலும் தோல் வெடித்துவிடும்.

படிவம்7 பதில்:

நேரக்கணக்கில் ஒரு திருத்தம். 9:30 மங்களம் என்று தாளில் போட்டால் 9:55 ஆகும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி மட்டுமல்ல, 2010 திருத்தத்துக்குப் பிறகு திறந்தவெளியில் இசைக்கருவிக்கும் தடை. 'மைக்கை அணைத்துவிட்டுச் சும்மா பாடுகிறோம்' என்பது செல்லாது. தோல்பாவையை ஒரே காட்சியாக்குங்கள், கூத்தை 7:30க்கே தொடங்குங்கள். பேச்சாளர்கள் மொத்தம் 10 நிமிடம், அதுவும் கரகத்துக்கு முன்னால். கூத்து நடுவே பொன்னாடை போர்த்தும் வழக்கத்தை அடியோடு ஒழியுங்கள்.

ஒரு மாதம் முன்பே தர வேண்டிய மனுக்கள்: பூங்காவுக்குப் பேரூராட்சி செயல் அலுவலர், ஒலிபெருக்கிக்கும் பந்தோபஸ்துக்கும் காவல் நிலையம், பந்தலுக்கும் தீக்கும் தீயணைப்பு நிலையம், இணைப்புக்கு மின்வாரிய உதவிப் பொறியாளர். மனுவில் 'கலைவிழா' என்று மட்டும் எழுதாமல் கலைகளின் பெயர், குழுவில் எத்தனை பேர், தொடங்கும் முடியும் நேரம் எல்லாம் போடுங்கள். கரகம் என்றதும் 'ஆடல் பாடல்' நிகழ்ச்சியோ என்று சந்தேகப்பட்டுக் கோப்பு நின்றுவிடும். நையாண்டி மேளக் குழுவின் பெயரையும், உறுப்பினர்களின் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை நகலையும் இணைத்தால் கேள்வி குறையும்.

குழுக்கள் போதவில்லை என்றால் மாவட்டக் கலை மன்றத்தைக் கேளுங்கள். கலை இளமணி முதல் கலை முதுமணி வரை ஆண்டுதோறும் விருது கொடுத்த பட்டியல் அவர்களிடம் இருக்கும். நடுவில் ஆள் வைத்துப் பேசுவதைவிட இது மேல், இல்லாவிட்டால் நீங்கள் கொடுப்பதும் ஆடியவர் கைக்குப் போவதும் வேறு வேறாக இருக்கும்.

மூன்றரை லட்சத்தில் பாதிக்குக் குறையாமல் கலைஞர்களுக்கு ஒதுக்குங்கள். வண்டிச் செலவு தொகைக்குள்ளா வெளியேவா என்பதை எழுதிக்கொள்ளுங்கள், சண்டை வருவதே அங்கேதான். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மிச்சம் சலங்கை கழற்றியதும் அங்கேயே. 'திங்கட்கிழமை அக்கவுண்டில் போடுகிறோம்' என்பது வேண்டாம். கூத்துக்காரர்களுக்கு வேஷம் கட்ட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், ஆகவே 4:30க்கே அவர்களுக்கு அறை தயாராக இருக்க வேண்டும்: தரையில் பாய், வெள்ளை வெளிச்சம், மின்விசிறி, கதவுக்குத் தாழ்ப்பாள். அரிதாரம் கலைக்கத் தேங்காயெண்ணெய், பழைய துணி, தண்ணீர். பெண் கலைஞர்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை, அங்கிருந்து களம் வரை கூட்டத்துக்குள் நுழையாத வழி. கரகக்காரர் மீது ரூபாய் நோட்டுக் குத்த யாரையும் விடாதீர்கள், அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பாடு ஆட்டத்துக்குப் பிறகுதான் சாப்பிடுவார்கள், ஒன்பதரைக்கு மேல் சூடாக மிஞ்சுமாறு எடுத்து வையுங்கள்.

வண்ணக்கிண்ணம் பதில்:

கடைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மேற்கே ஏரி என்றால் சாயங்கால வெயில் தடையில்லாமல் அடிக்கும். 12 கடைகளையும் மேற்கு ஓரத்தில், முதுகை ஏரிக்குக் காட்டி வரிசையாகப் போடுங்கள், பின்புறம் தட்டி கட்டி. நடுவில் இரண்டு இடத்தில் 10 அடி வழி விட்டால் கூட்டம் முட்டாது. படங்களை மேலே மட்டும் மாட்டினால் காற்றில் சுழலும், சவுக்குக் கம்பில் மேலும் கீழும் கட்ட வேண்டும். நீர்வண்ண ஓவியங்களைச் சட்டமில்லாமல் வைத்தால் பனி இறங்கியதும் தாள் அலையலையாக நெளியும், ஏழு மணிக்குப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடச் சொல்லுங்கள். சுடுமண் பொம்மையைப் புல்லில் வைக்காதீர்கள், ஈரம் ஏறி அடியில் கறை பிடிக்கும். இரண்டு செங்கல், மேலே ஒரு பலகை, அவ்வளவு போதும்.