ஒரே ஒயின், மூன்று வீடுகள், 16 ஆண்டுகள்

சென்னை வெயிலில் ஒயினைப் பல ஆண்டுகள் வைத்திருந்து குடிக்க முடியுமா என்று யாராவது கேட்டால், அண்மைக்காலம் வரை நான் படித்தறிந்ததை வைத்துத்தான் பதில் சொல்லி வந்தேன். 2024 ஜனவரியில், மார்கழி முடியச் சில நாட்களே இருந்த ஒரு சனிக்கிழமை மாலை, திருவான்மியூரில் உள்ள எங்கள் வீட்டில் ஆறு பேர் கூடினோம். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கி, மூன்று வீடுகளில் மூன்று விதமாக வைத்திருந்த ஒரே ஒயினின் மூன்று பாட்டில்களை அன்று அடுத்தடுத்துத் திறந்தோம். அந்த மாலையில் கண்டதையும் முகர்ந்ததையும் சுவைத்ததையும் எழுதி வைப்பது, வீட்டில் பாட்டில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

2008இல் அலுவல் காரணமாக நானும் மயிலாப்பூர் நண்பரும் பிரான்சுக்குச் சென்றிருந்தபோது, ஒரு வார இறுதியைப் போர்தோ நகரில் கழித்தோம். அங்கே ஒரு சிறிய கடையில் பொயாக் ஊரைச் சேர்ந்த 2005ஆம் ஆண்டுச் சிவப்பு ஒயினை வாங்கினோம். மழை குறைந்து திராட்சை நன்றாக முற்றிய ஆண்டு அது. அந்த ஆண்டு ஒயின்கள் நெடுநாள் நிற்கும் என்று அப்போதே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கேபர்னே சாவின்யோன் திராட்சை மிகுந்த ஒயின் என்பதால் இளமையில் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும் என்றும், குறைந்தது 15 ஆண்டுகள் தொடவே வேண்டாம் என்றும் கடைக்காரர் சொன்னார். விமானத்தில் ஒருவர் சுங்கவரி இன்றிக் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர்தான். ஆளுக்கு இரண்டு பாட்டில் என்று கணக்கிட்டு, அந்தச் சிவப்பு ஒயினில் மூன்றும், 2001ஆம் ஆண்டு சொத்தேர்ன் இனிப்பு ஒயினில் ஒன்றும் வாங்கி, காலுறைகளுக்குள் செருகிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தோம். சிவப்பில் ஒன்று எனக்கு, ஒன்று மயிலாப்பூர் நண்பருக்கு, ஒன்று கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எங்கள் தோழிக்கு. சொத்தேர்ன் எல்லோருக்கும் பொது.

நான் அந்த ஆண்டே ஒயினுக்கென்று ஒரு சிறிய குளிர்பெட்டி வாங்கி, 14 டிகிரியில் வைத்தேன். தோழி தன் பாட்டிலைக் குன்னூரில் இருக்கும் தாய்வீட்டுக்கு எடுத்துச் சென்று, மாடிப்படிக்கு அடியில் வெளிச்சம் படாத மரப்பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டார். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் அது. கோடையிலும் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டால் குளிர்ந்திருக்கும். மயிலாப்பூர் நண்பர் தம் பாட்டிலை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, அவருடைய அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்தார். பத்திரம், நகை, பட்டு என்று அந்த வீட்டில் போற்றப்படும் எல்லாமே தலைமுறையாக அந்த பீரோவில்தான் இருந்தன. விலைமதிப்புள்ள ஒன்றை வேறு எங்கே வைப்பது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒயின் பாட்டிலுக்குள் பல ஆண்டுகளாக நடப்பது மிக மெதுவான ரசாயன மாற்றம். துவர்ப்பைத் தரும் டானின்களும் நிறமிகளும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, வண்டலாக அடியில் தங்குகின்றன. துவர்ப்பு மென்மையாகிறது, பழ வாசனை தணிந்து வேறு வாசனைகள் எழுகின்றன. வெப்பம் கூடினால் இந்த மாற்றங்கள் விரைவதோடு, நடக்கக் கூடாத வேறு மாற்றங்களும் சேர்ந்துகொள்கின்றன. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை நெருக்குகிறது, குளிரும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கிறது. ஆகவே 12 முதல் 14 டிகிரி வரை என்ற அளவைப் போலவே, அந்த அளவு ஏறி இறங்காமல் இருப்பதும் முக்கியம். ஐரோப்பாவில் நிலவறை தோண்டியது இதற்காகத்தான். மண்ணுக்கு அடியில் வெயிலும் குளிரும் எளிதில் எட்டுவதில்லை. நிலத்தில் புதைத்துப் பழுக்க வைத்த தேறலைப் பற்றிச் சங்கப் பாடல்களிலேயே பேச்சு உண்டு என்று தோழி அன்று நினைவூட்டினார். நாள்பட்ட மதுவுக்கு ‘நாட்படு தேறல்’ என்ற சொல்லையும் அவர் சொன்னபோது, இவ்வளவு காலமாக வேறு மொழிச் சொற்களை வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

குன்னூர் பாட்டில் மலைப்பாதையில் குலுங்கி வரும் என்பதால் பத்து நாள் முன்பாகவே அதை வரவழைத்து, என் குளிர்பெட்டியில் அமைதியாக இருக்க விட்டோம். கடைசி இரண்டு நாட்கள் மூன்று பாட்டில்களையும் நிற்க வைத்தோம். வண்டல் அடியில் இறங்க அவ்வளவு நேரம் தேவை. எது எவருடையது என்று தெரியாமல் சுவைக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. என் மனைவி குடிப்பதில்லை. பாட்டில்களைத் திறப்பதும் ஊற்றுவதும் அவர் பொறுப்பாயிற்று. கார்க்கின் இரு பக்கமும் மெல்லிய தகடுகளை இறக்கித் திருகி எடுக்கும் திறப்பானை அவர் பயன்படுத்தினார். கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்குகளில் ஒன்றை ஏற்றி மேசையில் வைத்து, பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் அந்தச் சுடர் தெரியும்படி பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் குடுவையில் மெல்லச் சாய்த்தார். தெளிந்த சிவப்பு ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று சுடருக்கு முன்னால் புகை போல ஓர் இழை நகரும். அதுதான் வண்டல், அங்கே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு விரற்கடை அளவு அடியில் மிஞ்சியது.

முதல் கிளாஸ் கைக்கு வந்தவுடனேயே எல்லோரும் மௌனமாகிவிட்டோம். நிறம் நீர்த்த கருப்பட்டிப் பாகு போல இருந்தது. வேகவைத்த பேரீச்சம்பழமும் பழம்புளியும் கலந்த வாசனை. வாயில் பழம் என்று சொல்ல எதுவும் இல்லை. புளிப்பு தனியாக நின்றது, துவர்ப்பு ஈற்றில் வறண்டது. ஒயின் கெட்டு வினிகர் ஆகிவிடவில்லை, ஆனால் அதன் காலம் எப்போதோ முடிந்திருந்தது. இரண்டாவது கிளாஸில் நடுவில் ஆழ்ந்த சிவப்பும் விளிம்பில் செங்கல் நிறமும் தெரிந்தன. பதப்படுத்திய தோல், புகையிலை, காய்ந்த சருகு என்று வாசனைகள் வந்தன. வழவழப்பாக இறங்கியது, குறை சொல்ல ஏதும் இல்லை, ஆனால் விழுங்கியதும் சுவை விரைவாக மறைந்தது. மூன்றாவது கிளாஸைச் சுழற்றி மூக்கருகே கொண்டு போனபோது, “பென்சில் சீவின வாசனை” என்று தோழி முதலில் சொன்னார். பள்ளிக்கூடப் பையைத் திறந்தது போன்ற அந்த வாசனை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிடிபட்டது. அதன் பின்னே நன்றாகக் கனிந்த நாவல்பழம், சற்றே புதினா, மழைக்குப் பின் தோட்டத்து மண். அயல்நாட்டார் இந்த ஒயின்களுக்குச் சொல்லும் பழப் பெயர்களில் பாதியை நம்மில் பலர் மரத்தில் பார்த்ததே இல்லை. நாவலும் நெல்லியும் கொடுக்காப்புளியும் அறிந்த மூக்குக்கு அந்தப் பெயர்கள் தேவையும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அரை மணி நேரம் கழித்து அதே கிளாஸில் சந்தனப் பெட்டியின் வாசனை எழுந்தது. துவர்ப்பு இருந்தது, ஆனால் நல்ல கொட்டைப்பாக்கின் துவர்ப்பைப் போல நாவில் நின்று மெல்லக் கரைந்தது.

ஆறு பேரில் ஐவர் மூன்றாவதையே சிறந்தது என்றோம். எங்கள் தெருவில் வசிக்கும் தம்பதியில் கணவர் மட்டும் இரண்டாவதன் முதுமைதான் தமக்குப் பிடித்திருக்கிறது என்றார். மூன்றாவது என் குளிர்பெட்டியில் இருந்த பாட்டில்தான் என்று நான் உறுதியாகச் சொன்னேன். என் மனைவி சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தபோது அது குன்னூர் பாட்டிலாக இருந்தது, என்னுடையது இரண்டாவது. அதற்கான காரணத்தை நானே தேட வேண்டியிருந்தது. 2012இல் சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் ஐந்து நாட்கள் மின்சாரம் இல்லை. இவற்றைவிடப் பெரிய அடி 2019 மே மாதத்தில் விழுந்தது. கம்ப்ரெசர் பழுதாகி, உதிரிபாகம் வந்து சேர 19 நாட்கள் ஆயின. கத்திரி வெயிலில் அந்தப் பெட்டி வெறும் அலமாரியாக நின்றது. ஒரே ஒயினிலும் கார்க்குக்குக் கார்க் வேறுபாடு உண்டு என்பதால் இரண்டு பாட்டில்களை வைத்து அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஆயினும் மின்சாரத்தை நம்பாத மாடிப்படியடி, மின்சாரத்தை நம்பிய என் பெட்டியைவிட நன்றாகக் காத்தது என்பதை என் நாக்கு மறுக்கவில்லை.

முதல் பாட்டிலின் தாளைப் பிரித்தபோது, திறக்கும் முன்பே அதில் ஒயின் மட்டம் கழுத்தை விட்டு இறங்கித் தோள்பட்டைக்கு வந்திருந்ததாக என் மனைவி சொன்னார். கார்க்கின் ஓரமாகக் கசிந்து வேட்டியில் படிந்த பழுப்புக் கறையை மயிலாப்பூர் நண்பர் காட்டினார். அந்த பீரோ இருக்கும் அறை மே மாதத்தில் எவ்வளவு கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். “அம்மா இருந்த வரைக்கும் வருஷம் ஒரு தரம் புடவையெல்லாம் வெயிலில் காயப்போட்டு மடிக்கும்போது, இதையும் எடுத்துத் துடைச்சு வெப்பாங்க சார்,” என்றார். எவரும் அந்தக் கிளாஸைக் கீழே கொட்டவில்லை. அவரவர் பங்கைக் குடித்து முடித்த பிறகே அடுத்ததற்குப் போனோம். அந்த அம்மாவின் கையால் சாப்பிட்டிருக்கிறோம். வேறு விதமாக எங்களால் நடந்துகொள்ள முடிந்திருக்காது.

வெப்பமே ஆகாது என்று இந்த அளவுக்குச் சொல்லிவிட்டு, அன்று வந்த நான்காவது பாட்டிலைச் சொல்லாமல் விட முடியாது. வணிகக் கப்பலில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற வேளச்சேரி அண்ணன், மடெய்ரா தீவின் ஃபுன்சால் துறைமுகத்தில் 2010இல் வாங்கிய 1968ஆம் ஆண்டுப் புவல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். புவல் என்பது அந்தத் தீவின் திராட்சை வகைகளில் ஒன்று. அங்கே விளையும் ஒயினுக்கும் மடெய்ரா என்றே பெயர். அவர் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் திறந்த அலமாரியின் இரண்டாம் தட்டுவரை தண்ணீர் ஏறி, பாட்டில் இரண்டு நாட்கள் அதில் நின்றிருக்கிறது. காகித லேபிள் ஒட்டியிருந்த மற்ற பாட்டில்கள் எல்லாம் பெயரற்றுப் போயின. மடெய்ரா பாட்டிலில் பெயரையும் ஆண்டையும் அச்சுத்தகடு வைத்து வெள்ளைப் பெயின்டால் எழுதுவது பழைய வழக்கம். அந்த எழுத்து ஒரு கோடுகூட அழியாமல் இருந்தது. கழுத்தில் இருந்த மெழுகும் அப்படியே இருந்தது.

அந்த ஒயினுக்கு வெயிலால் வந்த கேடு எதுவும் இல்லை, ஏனென்றால் அது வெயிலிலேயே வளர்ந்தது. பழங்காலத்தில் அந்தத் தீவிலிருந்து பீப்பாய்களில் கப்பலேறிய ஒயின், வெப்ப மண்டலத்தைக் கடந்து மாதக்கணக்கில் ஆடி அசைந்து பயணம் செய்த பிறகு சுவை கூடியிருப்பதைக் கண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இந்தியாவுக்கு வரும் வழியில் அங்கே நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. 18ஆம் நூற்றாண்டில் நம் புனித ஜார்ஜ் கோட்டையிலும் மடெய்ரா ஓடியது. பிற்பாடு கப்பலுக்குப் பதிலாக வெப்பமான பரண்களில் பீப்பாய்களை அடுக்கி, ஆண்டுக்கணக்கில் காற்றுக்கும் சூட்டுக்கும் பழக்கினார்கள். ஆண்டு குறித்து விற்கும் உயர்ந்த வகை, குறைந்தது 20 ஆண்டுகள் மரத்தில் இருக்க வேண்டும். நொதிக்கும்போதே இடையில் திராட்சை மதுசாரம் சேர்ப்பதால் அதன் வீரியம் 20 விழுக்காடு வரை இருக்கும். அண்ணன் ஊற்றியபோது பழுப்புத் தேன் நிறமும், விளிம்பில் மெல்லிய பச்சையும் தெரிந்தன. வறுத்த முந்திரி, ஆரஞ்சுத்தோல், முற்றிய வெல்லப்பாகு. இனிப்பு முடியும் இடத்தில் கூர்மையான புளிப்பு எழுந்து வாயைச் சுத்தம் செய்தது. உப்பு நார்த்தங்காய் ஊறிய பழைய ஜாடியைத் திறக்கும்போது வரும் ஆழம் அதில் இருந்ததாக என் மனைவி முகர்ந்து பார்த்துச் சொன்னார். அதைவிடப் பொருத்தமான வருணனையை அன்று வேறு எவரும் தரவில்லை.

சொத்தேர்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலையுதிர்காலத்து ஆற்றுப் பனியில் திராட்சை மீது போட்ரைட்டிஸ் பூஞ்சை படர்ந்து, நீர் வற்றி, சர்க்கரை செறிந்த பழத்திலிருந்து வருவது அது. குங்குமப்பூவும் தேனும் மணந்தன, 23ஆம் வயதிலும் களைப்பே இல்லை. அதனுடன் திரட்டுப்பால் வைத்தது எங்கள் தவறு. இனிப்பின் மேல் இனிப்பு விழுந்து இரண்டும் மங்கிப்போயின. அந்தத் தம்பதி கொண்டுவந்த ஆரோவில் சீஸின் உப்போடு அது மலர்ந்தது. சிவப்பு ஒயினுக்கு மிளகாயை அடியோடு விட்டு, மிளகு மட்டும் போட்டு வதக்கிய ஆட்டிறைச்சியும் சேப்பங்கிழங்கு வறுவலும் நன்றாகப் பொருந்தின. மிளகாய்க் காரத்தை ஒயின் தூக்கிவிடும். பழைய ஒயினின் மெல்லிய வாசனை அதற்கு முன் நிற்காது.

வீட்டு அலமாரியில் சிவப்பு ஒயினை வைத்துக்கொண்டு நல்ல நாளுக்காகக் காத்திருப்பவர்களிடம் ஒன்றை மனதார வேண்டுகிறேன். நம் ஊர் அறை வெப்பத்தில் ஒவ்வொரு கோடையும் அந்த பாட்டிலிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறது. ஒன்று, இந்த மாதமே நண்பர்களைக் கூப்பிட்டுத் திறந்துவிடுங்கள். அல்லது குளிர்ந்த இடம் வைத்திருக்கும் ஒருவரிடம் தயங்காமல் ஒப்படையுங்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மயிலாப்பூர் நண்பர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் அதே வேட்டி. கறை படிந்த பக்கம் உள்ளே மடிந்திருந்தது. பீரோவில் இன்னொரு பாட்டிலும் இருந்ததாம், 2000ஆம் ஆண்டுப் போர்ட் ஒயின். வீரியம் கூடியது என்பதால் அது இவ்வளவு நாள் தாங்கியிருக்கலாம். மட்டம் இன்னும் கழுத்தில்தான் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து இருவரும் இரண்டு முறை பார்த்தோம். குளிர்பெட்டியின் கடைசித் தட்டில் இடம் ஒதுக்கிப் படுக்க வைத்து, கழுத்தில் ஓர் அட்டை கட்டினேன். அதில் அவர் தம் பெயரை எழுதவில்லை. அம்மாவின் பெயரை எழுதி, கீழே அன்றைய தேதியைக் குறித்தார்.