‘ஸ்மதர்’: பாசமா, புகாரா?

நண்பர்களே, ஒரு சந்தேகம். ஆங்கிலத்தில் ‘ஸ்மதர்’ (smother) என்ற வினைச்சொல்லின் நேர்ப்பொருள் புரிகிறது: தலையணையால் முகத்தை அமுக்கி மூச்சை நிறுத்துவது, தீப்பிடித்த எண்ணெய்ச் சட்டியை மூடி போட்டு அணைப்பது. இரண்டிலும் காற்றுப் புகாமல் மூடுவதுதான் விஷயம். கொட்டாவியை அடக்குவதற்கும் இதே சொல்; சரி, போகட்டும். ஆனால் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் பாசத்தைக் கொட்டும் அம்மாவையும் இப்படித்தான் சொல்கிறார்கள். முத்தமழை பொழிவதற்கும் இதுதான், அங்கே குறை சொல்லும் தொனியே இல்லை! எதை வைத்துப் பிரித்தறிவது? அப்புறம், புது யோசனைகளை முளையிலேயே கிள்ளும் நிர்வாகத்துக்கு இது பொருந்துமா, அடக்கி ஒடுக்குவதைச் சொல்லும் ‘ஸ்டைஃபிள்’ (stifle) என்ற சொல்தான் சரியா? அகராதி விளக்கம் வேண்டாம். நீங்கள் படித்த, கேட்ட வாக்கியங்கள் இருந்தால் சொல்லுங்கள்.