சங்கிலி விழுந்த கேட்டும் நம் சைக்கிள்களும்: தடத்தில் பார்த்ததை எழுதுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மவுண்டன் பைக் ஓட்டுகிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ஒரு தோட்டத்தின் பின்பக்க கேட்டில் புதுச் சங்கிலி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் வருத்தம்தான், லிந்தாங் பக்கம் போக அதைவிட நல்ல ஏற்றம் நமக்குக் கிடையாது. ஆனால் அந்தச் சங்கிலி ஒரே நாளில் வந்து விழவில்லை. தடத்தில் நடந்ததை ஆளுக்குக் கொஞ்சமாக இங்கே எழுதினால் எதனால் விழுந்தது என்று நமக்கே தெரிந்துவிடும். நான் ஆரம்பிக்கிறேன்.

என் சின்னம்மா ஒரு சிறு தோட்டத்தில் இன்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். இருட்டோடு போய்விடுவார், வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். நெற்றியில் விளக்கு, கையில் வெட்டுக்கத்தி, அவ்வளவுதான். ஒரு நாள் வளைவைத் தாண்டி ஒரு கூட்டம் சரசரவென்று வந்திருக்கிறது, ஒவ்வொருவர் ஹெல்மெட்டிலும் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். சத்தம் கேட்டுத் திரும்பியவருக்குக் கண் கூசி, கத்தி பட்டைக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. பால்மரத்தில் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், அதற்கு உள்ளே கட்டையை ஒட்டியிருக்கிற படலத்தில் கத்தி பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், பிற்பாடு அங்கே ஒழுங்காகக் கோடு இழுக்க முடியாது. இதைச் சொல்லும்போது சின்னம்மா கோபப்படவில்லை. "யாருன்னு தெரியலப்பா, நல்லா படிச்ச பிள்ளைங்க மாதிரிதான் இருந்துச்சு, ஒரு வார்த்தை பேசாம போய்ட்டாங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தை பேசாததுதான் எனக்கு ஆறவில்லை. எவ்வளவு பெரிய விளக்காக இருந்தாலும் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கினால் வெளிச்சம் குறைந்துவிடும். எதிரே நெற்றி விளக்கு அசைவது தெரிந்தால் உடனே குறையுங்கள், தலையைத் தரைப்பக்கம் தாழ்த்துங்கள், வணக்கமோ, மலாயில் காலை வணக்கமான 'செலாமாட் பாகி'யோ வாயைத் திறந்து சொல்லுங்கள். அவர்கள் பிழைப்பு நடக்கிற இடம் அது.

அப்புறம் முனீஸ்வரர் கோயில். ஏற்றம் முடிகிற இடத்தில் பெரிய மரத்தடியில் இருக்கிறதே, அதுதான். ஏறி வந்தவர்களுக்கு மூச்சு வாங்கும், நிழல் இருக்கிறது, நிற்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த அன்று மஞ்சள் துணி சுற்றிய மரத்தில் சைக்கிள்களைச் சாத்தியிருந்தார்கள், சகதி அப்பிய காலணியோடு சிமெண்டுத் திண்ணையில் கால் நீட்டியிருந்தார்கள், சூலத்தின் நடுமுனையில் ஒருவர் வியர்வை ஊறிய கையுறைகளைக் காயப்போட்டிருந்தார். ஈப்போவிலிருந்து வருகிற வெளியூர்க்காரர்கள் மட்டும் என்று சொல்லிவிட முடியாது, நம் டவுன் பையன்களும் அதில் இருந்தார்கள். விளக்கேற்ற வந்த பெரியவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நேராகச் சூலத்திடம் போய்க் கையுறைகளை எடுத்தார். ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துப் பக்கத்துச் சைக்கிளின் சீட்டில் வைத்தார். அப்புறம் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சூலத்தைக் கழுவி, பழைய எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் குத்தினார். இவ்வளவு நடந்து முடியும்வரை திண்ணையிலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் போய் மரத்தில் சாத்தியிருந்த சைக்கிள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தபோதுதான் மெதுவாக எழுந்தார்கள். லயத்து வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பாதிக்கு மேல் காலியாகி, குடும்பங்களெல்லாம் டவுனுக்கும் ஈப்போவுக்கும் போய்விட்ட பிறகும் அந்தக் கோயிலில் விளக்கு எரிகிறது என்றால் அந்தப் பெரியவரால்தான். அவருக்குத் தோட்ட அலுவலகத்தில் நல்ல பேர் உண்டு. அவர் அங்கே போய் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

வழிவிடுகிற விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச மலைமிதிவண்டிச் சங்கத்தின் தட விதிகளிலும் அப்படித்தான் இருக்கிறது, இறக்கத்துக்கென்றே ஒதுக்கி அறிவிப்புப் பலகை வைத்த தடம் மட்டும் விலக்கு. ஏற்றத்தில் ஒருமுறை காலை ஊன்றிவிட்டால் சறுக்குகிற செம்மண்ணில் மறுபடி மிதித்துக் கிளம்புவது என்ன பாடு என்று நமக்குத் தெரியும். நடப்பவர்களுக்குச் சைக்கிள் வழிவிட வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. தோட்டத்தில் இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் முதல் வழி. செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிய டிராக்டர், முதுகில் மருந்துப் பம்பு மாட்டிய அக்காக்கள், பால் வாளி தொங்குகிற மோட்டார், இவர்களுக்குப் பிறகுதான் நாம், ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி.

ஈப்போவிலிருந்து வந்து ஓட்டும் ஓர் உறுப்பினர்:

அண்ணே, ஈப்போக்காரர்கள் பேர் அடிபடுகிறது என்பதற்காக எழுதவில்லை, நடந்தது நடந்ததுதான். நான் பார்த்ததைச் சொல்கிறேன். யூடியூப்பில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு இங்கேயும் பின்னாலிருந்து 'லெஃப்ட்! லெஃப்ட்!' என்று கத்துகிறார்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும், அதனால் இடப்பக்கம் முந்துவார்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஒதுங்குவதுதான் பழக்கம். மருந்து அடித்துவிட்டு வரிசையாக வந்த அக்காக்கள் 'லெஃப்ட்' என்று காதில் விழுந்ததும் இடப்பக்கம் ஒதுங்க, கத்தினவரும் அதே பக்கம் பாய, ஒரு அக்கா பம்போடு வாய்க்காலில் விழப் பார்த்தார். நான்தான் கையைப் பிடித்தேன். கையுறையெல்லாம் மருந்து வாடை. கைப்பிடியில் ஒரு மணி மாட்ட என்ன செலவு ஆகிவிடும்? தூரத்திலேயே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாண்டினால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நமக்குள்ளே. குரூப் ரைடில் முன்னால் போகிறவர்கள் சந்திப்பில் நின்று தண்ணீர் குடித்து, படம் எடுத்து, நன்றாக இளைப்பாறிவிட்டு, கடைசி ஆள் வந்து சேர்கிற அதே நொடியில் 'சரி, போகலாமா' என்று கிளம்பிவிடுகிறார்கள். கடைசியில் வருகிறவருக்குத்தானே ஓய்வு வேண்டும்? பெண்கள் பல பேர் இரண்டாவது ரைடுக்கு வராமல் போனதற்கு இதுதான் காரணம், மேடு காரணமில்லை. அதோடு, நான் கேட்காமலே கியரை மாற்று, சீட்டை இறக்கு என்று பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு பாடம் நடத்துகிற அண்ணன்கள் கொஞ்சம் விட்டுவிடுங்கள். வேண்டுமென்றால் நானே கேட்பேன்.

தோட்டத்தில் குலை வெட்டிய ஒரு மூத்த உறுப்பினர்:

தம்பிமார்களே, கோயில் விஷயம் படித்து மனம் வேதனைப்பட்டது. நான் உயிர் விஷயம் சொல்கிறேன். செம்பனையில் குலை வெட்டுகிறவன் நிமிர்ந்து மேலேதான் பார்த்துக்கொண்டிருப்பான். நீளக் குழாயின் நுனியில் அரிவாள், முதலில் மட்டை விழும், அப்புறம் குலை. முதிர்ந்த மரத்துக் குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும், அது விழுகிற இடத்தில் ஹெல்மெட் உங்களைக் காப்பாற்றாது. வெட்டு பாதி இறங்கிவிட்டால் அவனால் நிறுத்த முடியாது, நீங்கள் கத்தினால் திரும்பிப் பார்ப்பான், குழாய் எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்கே தெரியாது. இப்போது வெட்டுகிற ஆட்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம் பக்கத்துப் பிள்ளைகள். பச்சை மட்டை பாதையில் கிடந்தால், வெட்டுமுகம் ஈரமாக இருந்தால், பக்கத்தில் எங்கேயோ வெட்டு நடக்கிறது என்று அர்த்தம். இறங்கி நில்லுங்கள். அவன் உங்களைப் பார்த்துக் கை காட்டின பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள்.

மட்டை அடுக்கின வரிசைக்குள்ளே குறுக்கு வழி என்று சைக்கிளை விடுவதையும் பார்க்கிறேன். மட்டைக் காம்பில் வரிசையாக முள் இருக்கிறது. டியூப்லெஸ் டயர், ஓட்டையை அடைக்கிற சீலன்ட் திரவம் ஊற்றியிருக்கிறது என்பார்கள், பக்கவாட்டில் கிழிந்தால் சீலன்ட் நிற்குமா? அப்புறம் அங்கேயே உட்கார்ந்து போகிற வருகிற டிராக்டரையெல்லாம் கை காட்டுவார்கள். டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு அன்றைக்கே குலையை ஆலைக்கு அனுப்ப வேண்டிய அவசரம், பழம் அடிபட்டுக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். உங்களை ஏற்றிக்கொண்டு போக அவன் வரவில்லை.

மாடு வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவர்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் பாட்டிக்கு மாடுகள் இருக்கின்றன. மறுநடவு செய்த பக்கம் மாடு போகக்கூடாது என்று தோட்டத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், இளம் செம்பனைக் கன்றுகளின் ஓலையைத் தின்றுவிடும். அதற்காகத்தான் நடுவில் அந்தச் சின்ன மரக்கேட். சைக்கிளில் வந்தவர்கள் திறந்தார்கள், போனார்கள், மூடவில்லை. அன்று மாலை மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார், பாட்டி ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார். கேட் திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். கடைசியாக வருகிறவர் மூடுவார் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள், ஆனால் கடைசியாக வருகிறவருக்கு யாரும் சொல்வதில்லை.

ஓட்டிய பாதையையும் நேரத்தையும் பதிவு செய்கிற ஸ்ட்ராவா செயலி பற்றியும் ஒன்று. பெரியவர்கள் எங்களைத் திட்டுகிறீர்கள், நேரத்துக்காகப் பறக்கிறோம் என்று. கொஞ்சம் உண்மைதான். ஆனால் கோயில் மேட்டிலிருந்து லயம் வரைக்கும் இறங்குகிற அந்த செக்மெண்டை (யார் வேகம் என்று நேரத்தை ஒப்பிடுகிற பாதைத் துண்டை) அதில் போட்டது நாங்கள் இல்லை, மூத்தவர்களில் ஒருவர்தான். ஒருவர் மட்டும் போகக்கூடிய சிங்கிள் டிராக்கில் நாங்கள் பின்னால் மணியடித்துக்கொண்டே வந்தாலும் வழிவிடாமல் நடுவில் பேசிக்கொண்டு ஓட்டுகிற மூத்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் எழுத வேண்டும் இல்லையா?

மறுபடி நான்:

தம்பி, நியாயம். செக்மெண்ட் போட்டவர் யாராக இருந்தாலும் அது லயத்துப் பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தில் போய் முடிகிறது, அங்கே வேகப் போட்டி வைக்கக்கூடாது. ஸ்ட்ராவாவில் ஒரு செக்மெண்டை ஆபத்தானது என்று குறிக்க வழி இருக்கிறது, குறித்தால் அதற்கு முன்னணிப் பட்டியல் காட்டாது. நான் இன்று காலையே குறித்துவிட்டேன். அதோடு தோட்டத்துக்குள் ஓட்டியதை எல்லோரும் பார்க்கும்படி போடாமல், நம்மைப் பின்தொடர்கிறவர்களுக்கு மட்டும் என்று மாற்றி வையுங்கள். பாதைக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஜாகாவிடம் (காவலாளியிடம்) பேர் எழுதாமல் தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து நுழைகிற ஆட்கள் வருகிறார்கள். இது தனியார் நிலம், அனுமதி என்பது அவர்கள் கொடுப்பது, அதை நாம் உரிமை மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மழை விஷயத்தையும் யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். பேய்மழை பெய்த மறுநாளே இறக்கத்தில் பின் பிரேக்கைப் பூட்டி இழுத்துக்கொண்டு போனால் செம்மண்ணில் சால் விழுகிறது, அடுத்த மழைத்தண்ணீர் அந்தச் சாலிலேயே ஓடி அதை ஓடையாக்கிவிடும். ஏற்கெனவே ஒரு வளைவில் டிராக்டர் சக்கரம் இறங்குகிற அளவுக்கு அறுத்துவிட்டது. இரண்டு பிரேக்கையும் பதமாகப் பிடித்து இறங்கத் தெரியாதவர்கள் வேறெங்காவது பழகட்டும், அல்லது இரண்டு நாள் காயவிட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு பேர் தோட்ட அலுவலகத்துக்குப் போவதாக இருக்கிறோம். சங்கிலியை எடுங்கள் என்று கேட்கப் போவதில்லை. எந்தெந்த நாளில் தோட்டத்தின் எந்த டிவிஷனில் (பிரிவில்) வெட்டு, எங்கே மருந்து என்று முன்கூட்டியே சொல்வார்களா, ஞாயிறு காலை மட்டும் பேர் எழுதிவிட்டு முன்வாசல் வழியாக விடுவார்களா, அறுந்த வளைவில் கல் நிரப்ப நாம் ஆள் தரலாமா, இவ்வளவுதான் கேட்கப்போகிறோம். கோயில் பெரியவரிடம் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன், அவரும் கூட வருகிறேன் என்றார். குலை வெட்டிய அண்ணன், நீங்கள் வந்தால் அவர்களிடம் பேச வசதியாக இருக்கும். மாட்டுக்காரத் தம்பி, பள்ளி முடிந்து நேராக வந்துவிடு, சின்ன கேட் விஷயத்தை நீயே சொல். ஈப்போவிலிருந்து வருகிறவர்களில் ஒருவராவது வர வேண்டும். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும், நாலரைக்கே அங்கே இருங்கள்.